பை பார்த்துக்கொள்ளும் வயது

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் டூர் ஆபீஸ் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் பள்ளிக்கூட வாத்தியார், லீவு நாட்களில் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார். எல்லோருக்கும் அவர் 'சார்'. படியேறி வருகிற ஆளின் தலையைப் பார்த்தே எந்த டூர் என்று முடிவு கட்டிவிடுவார். நரைத்த தலை என்றால் காசி. பாதி நரை என்றால் நவக்கிரகம். கறுப்பாக இருந்தால் ஊட்டி, கொடைக்கானல். கழுத்தில் புதுத் தாலி மின்னினால் கேட்கவே வேண்டாம், கப்பலில் அந்தமான்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷக் கோடையில் அப்பா அந்த மாடிப்படி ஏறிப்போய் அந்தமானுக்கு இடம் கேட்டார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"ஐயா, உங்க வயசுக்குக் காசி பஸ் இருக்குங்க. ஆவணியில கெளம்புது. பத்தியச் சாப்பாடு, எல்லாம் உங்க செட்டு ஆளுங்க" என்றார் சார்.

"காசிக்கு அப்புறமா போயிக்கலாங்க. எனக்குக் கப்பல்தான் வேணும்."

"அது சின்னஞ்சிறுசுங்க போறதுங்க."

"கடல்ல வயசு பாத்துத்தான் ஏத்துவாங்களா சார்?"

சார் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. அறுபது ஆனவர்களுக்கு வீட்டு ஆள் ஒருவர் துணை வந்தாக வேண்டும், அது தன் டூரின் சட்டம் என்றார். அப்படித்தான் இருபத்தாறு வயதில், வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், நான், அப்பாவுக்குத் துணையாகக் கப்பலேறினேன்.

அறுபது என்பதும் சர்டிபிகேட் சொன்னதுதான். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டுவிட்டார். ஐந்து வயது முடிந்தது என்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியையும் வாத்தியாரே போட்டுக்கொண்டார். உண்மையில் எப்போது பிறந்தார் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஒரு தொடலை வைத்து வேலை கொடுத்தார்கள், அதை வைத்தே ஓய்வும் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தெருவே அவரைப் 'பெரியவரே' என்று கூப்பிட ஆரம்பித்தது. முதல்நாள்வரை அவர் எல்லோருக்கும் அண்ணன்.

அவருக்கு வேலை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். வெட்டுகிற பாறையில் சிப்பியும் நத்தையும் கல்லாகவே கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று வந்து பார்க்கிற கல்லூரிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். "முப்பது வருசமா கடலுக்கு அடியில வேலை பாத்திருக்கேன். ஒரு தடவை மேல போயிப் பாக்க வேணாமா?" என்பார் அப்பா. வேளாங்கண்ணிக் கடலும் நாகூர்க் கடலும் அவர் பார்த்ததுதான். ஆனால் அதெல்லாம் கரையில் நின்று பார்த்த கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையே தெரியாத இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

"காசிக்குப் போற வயசுல கப்பலாம்" என்று அம்மா முனகினாள். முனகிக்கொண்டே புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொடுத்தாள். ஆடுகளை விட்டுவிட்டு வர முடியாது என்று அவள் வரவில்லை.

எங்கள் கோஷ்டியில் ஏழெட்டுக் குடும்பங்கள். எல்லாம் முப்பதுக்குள், முப்பத்தைந்துக்குள். புதுசாகக் கல்யாணம் ஆனதுகள், கைக்குழந்தைக்காரர்கள். கப்பலில் மற்றவர்கள் தீவில் வேலை பார்க்கிறவர்கள், அங்கேயே வீடு வாசல் உள்ளவர்கள். நரைத்த தலைகளும் இருந்தன. அவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அப்பாவிடமும் காரணம் கேட்டார்கள்.

"மக பிரசவத்துக்குப் போறீங்களா பெரியவரே?"

"இல்லீங்க."

"மகன் அங்க வேலைங்களா?"

"இல்லீங்க. சும்மாதான், பாக்கலாம்னு."

கேட்டவர்கள் அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். புத்தி சரியில்லாதவரைக் கூட்டிப்போகிறேனோ என்கிற மாதிரி ஒரு பார்வை. சும்மா போவதற்கு ஒரு வயது இருக்கிறது போலிருக்கிறது. அது அப்பாவுக்கு வந்தபோது யாரும் சொல்லவில்லை. முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் பெரிய ஹால். வரிசையாக இரண்டடுக்குக் கட்டில்கள். வட்டமாக ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல், அதுவும் உப்புப் படிந்து மங்கிப் போனது. கப்பல் சென்னையிலிருந்து கிளம்பப் போகிறது என்றதும் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடினார்கள். ஓடுகிற அவசரத்தில் ஒருத்தர் திரும்பி, "பெரியவரே, பையெல்லாம் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். உடனே ஹாலின் நாலு மூலையிலிருந்தும் பைகள் வந்து அப்பாவின் காலடியில் சேர்ந்தன.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் பெரியவர். கல்யாண மண்டபத்தில் பாத்திரத்துக்குக் காவல் பெரியவர். அருவிக்குப் போனால் எல்லோருடைய துணியையும் மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பவர் பெரியவர். 'உங்களுக்கு ஏன் சிரமம்' என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். அந்த மரியாதையை மறுத்துப் பேச வாய் வராது.

"நீங்க போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"கரை தெரியற கடலத்தான் பாத்தாச்சே. கரை மறையட்டும், அப்புறம் போறேன். நீ போ."

நான் போகவில்லை. போகவும் முடியவில்லை. கப்பல் துறைமுகத்தைத் தாண்டி ஆட ஆரம்பித்ததும் என் வயிறும் ஆட ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க வாந்தி. மறுநாளும் அதே கதி. துணைக்கு வந்தவள் கட்டிலோடு கிடக்க, துணை தேவைப்பட்டவர் வாளியைப் பிடித்துக்கொண்டு என் தலையை அழுத்திக்கொடுத்தார். ஊறுகாய்த் துண்டை நாக்கில் வைத்தார். கோஷ்டியில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் கிடந்தார்கள். எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் அப்பாதான். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அதற்கடுத்த நாள் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள். தெளிந்ததும் மேலே போனார்கள். பைகளோடு அன்றைக்கு ஒரு குழந்தையும் சேர்ந்தது. "தாத்தாகிட்ட சமத்தா இருக்கும், மேல காத்து பலமா அடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அதன் அம்மா போனாள். நல்ல பெண்தான். தன் அப்பாவிடம் கொடுப்பது மாதிரித்தான் கொடுத்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் என்னால் எழுந்து நிற்க முடிந்தது. "வாங்கப்பா, போலாம்" என்றேன். குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்புனா அழும். நீ போயிக் காத்தாட நின்னுட்டு வா. மொகம் வெளுத்துக் கெடக்கு. அவங்கம்மா வந்ததும் நான் போறேன்."

நான் போனேன். நின்றேன், பார்த்தேன். சீக்கிரம் இறங்கி வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த இடத்தை விட்டுக் கால் நகரவில்லை. நான் கீழே வந்தபோது வெளிச்சம் போயிருந்தது. குழந்தையின் அம்மா எனக்குப் பின்னால்தான் வந்தாள். அப்பா மடியை உதறிக்கொண்டு எழுந்து படியேறிப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"ஒண்ணும் தெரியல. கறுப்பா இருக்கு. காலையில பாத்துக்கலாம்."

காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, வேட்டியை மாற்றிக்கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு அவர் மேலே போனார். நானும் கூடப் போனேன். மேல்தளத்தில் ஏற்கெனவே கூட்டம். "தெரியுது, தெரியுது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே பச்சைப் பசேலென்று தீவு. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு திரும்பிக் கப்பலின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் வேறொரு தீவு தெரிந்தது. சுற்றிலும் சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரமாக வந்தது. "திரும்பி வரப்ப பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா.

தீவிலிருந்து கப்பலேறும்போதே சாரிடம் சண்டை போட்டேன். "எங்கப்பாவும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்காரு. இனிமே யாரு பையையும் அவரு பாக்க மாட்டாரு" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். சார் முகம் சுருங்கிப் போனது. "அடடா, பெரியவருக்குப் பொழுது போகுமேன்னு நெனச்சோங்க" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். பைகளை அவரவர் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். யார் பையும் தொலையவில்லை.

ஆனால் கடல் எங்கள் சண்டைக்காகக் காத்திருக்கவில்லை. கிளம்பிய மறுநாளே காற்று பிடித்துக்கொண்டது. மழையும் சேர்ந்தது. பயணிகள் யாரும் மேலே வரக்கூடாது என்று கப்பல்காரர்கள் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்கள். அப்பா படிக்கட்டின் கீழேயே ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். கதவு திறந்தால் முதல் ஆளாகப் போய்விடலாம் என்று. சாப்பாட்டுக்குக்கூட நான்தான் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. கதவைத் திறந்தபோது சென்னைத் துறைமுகத்தின் கிரேன்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

ஊர் திரும்பிய பிறகு டீக்கடையில் கேட்டார்கள், தெருவில் கேட்டார்கள். "கடல் எப்படிங்க இருந்துச்சு?" அப்பா பேச்சை மாற்றிவிடுவார். கப்பல் கக்கூஸைப் பற்றிச் சொல்வார், சாப்பாட்டில் உப்பில்லை என்பார். ஒருநாள் அம்மா ஆடு பிடித்துவரப் போயிருந்தபோது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ மேல போனியே. நாலு பக்கமும் ஒண்ணுமே தெரியாதுன்னு பேசிக்கிட்டாங்களே, நெசமா?"

"ஆமாப்பா."

"தண்ணி என்ன கலரு?"

சொன்னேன். மை மாதிரி நீலம். தட்டு மாதிரி வட்டமாக இருந்தது. கப்பல் எவ்வளவு ஓடினாலும் வட்டத்துக்கு நடுவிலேயேதான் நின்றது. ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பயமாக இருந்ததா என்றார். கொஞ்சம் இருந்தது என்றேன். அடுத்த வருஷம் நாம் இரண்டு பேர் மட்டும் போவோம், டூர் எல்லாம் வேண்டாம் என்றேன். சரி என்றார்.

அந்த மார்கழியில் கடல் ஊர்களுக்குள் புகுந்தது. நாகப்பட்டினத்துப் பக்கம் போனவர்கள் கண்டதைச் சொல்லிவிட்டு அழுதார்கள். அதற்குப் பிறகு கப்பல் என்ற சொல்லையே அம்மா வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, எனக்கும் பயம்தான். அப்பா அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். காசிக்கும் போகவில்லை.

சுனாமி வந்த சமயத்தில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அந்தக் கடல் மேலேயே போய்வந்த ஆள் எங்கள் தெருவில் என்னை விட்டால் அவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டுக்காரர், "அவ்வளவு தண்ணிக்கு நடுவுல எப்படிங்க போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். இந்தத் தடவை அப்பா பேச்சை மாற்றவில்லை.

"நாலு பக்கமும் கரை கெடையாது. வட்டமா, தட்டு மாரி கெடக்கு. மை நீலம். கப்பல் எவ்வளவு ஓடுனாலும் நடுவுலயேதான் நிக்குது. ஒரு பறவகூடக் கெடையாது" என்று நிறுத்தினார். நான் சொன்ன அதே சொற்கள், ஒன்றும் மாறவில்லை. பிறகு நான் சொல்லாததையும் சொன்னார். "எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. எம்மவ பக்கத்துல நின்னா. அவ கையப் புடிச்சிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இல்லம்மா?"

"ஆமாப்பா" என்றேன்.