ருசி பார்ப்பது சாப்பாடு ஆகாது

என் கணவருக்கு நான் போட்ட சாப்பாட்டைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே பேசியது. குழாயடியில் குடத்தோடு நிற்கிற பெண்களிடம் என் மாமியார், "மாட்டுக்கு வைக்கிறதப் புருசனுக்கு வைக்கா" என்று சொல்லுவார். நான் காதில் விழாத மாதிரி தாண்டிப் போவேன். மாடாக இருந்திருந்தால் சொன்ன பேச்சையாவது கேட்டிருக்கும்.

எங்கள் குடும்பத்துக்குப் பால்கோவாதான் சோறு. வீடு ஒரு தெரு, அடுப்புக் கொட்டகை அடுத்த தெரு, கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம். கடையைக் கொழுந்தன் பார்ப்பான். கொட்டகை என் கணவரின் பொறுப்பு. நான் பிறந்த ஊரான ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. அதனால் அடுப்பு எரிகிற நேரத்தில் கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே போவதும் இல்லை. அது மாமியார் போட்ட சட்டம்.

நான் கல்யாணமாகி வந்தபோது என் மாமனாருக்கு ஒரு கால்தான் இருந்தது. சர்க்கரை வியாதி. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். கடைசி வருஷம் மிச்சக் காலில் வந்த புண்ணுக்குத் துணி மாற்றியது நான்தான். அந்த வாடை இன்றைக்கும் நினைத்தால் வரும். அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலோடு நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயா எப்படி இருக்காவ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கண் பட்டுப் போச்சு என்றார்கள் வீட்டில். கடையில் கூட்டம் கூடினால் காலில் புண் வருமாம்.

அதே வியாதி என் கணவருக்கும் வந்தபோது நான் ஒரே ஒரு முடிவுதான் எடுத்தேன். என் காலைப் பிடித்து அம்மியில் தூக்கி வைத்த மனுஷன், தன்னுடைய இரண்டு காலோடும்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அதற்காக அவர் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். வெறுக்கவும் செய்தார்.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே ஓர் அலமாரி முழுக்க உடம்பு இளைக்கிற சாமான். முதல் தடவை போனபோது ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்த்து வயிறெரிந்தேன். டயட் மிக்சர் என்று ஒன்று. சிறுதானிய மாவைப் பிழிந்து அதே எண்ணெயில் பொரித்ததுதான். பாக்கெட்டில் ஒல்லிப் பெண் படம் போட்டுவிட்டால் எண்ணெய் இறங்கி ஓடிவிடுமா? கேழ்வரகு பிஸ்கட் என்று இன்னொன்று, வெல்லம் போட்டது. சர்க்கரைக்கு வெல்லம் கூடப் பிறந்தது என்பது தெரியாதவர்கள்தான் அதை வாங்க வேண்டும். ஓட்ஸைக் காய்ச்சிப் பார்த்தேன். தேர்தல் நேரத்தில் போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு ஆகும்.

ஆகவே பாக்கெட்டை எல்லாம் ஒதுக்கிவிட்டு மூட்டைப் பக்கம் போனேன். குதிரைவாலி, சாமை, சிவப்பு அவல், பச்சைப்பயறு, தோலோடு வறுத்த கொண்டைக்கடலை. கூமாப்பட்டியிலிருந்து கூடை கொண்டு வருகிற அம்மாவிடம் கொய்யா, அதுவும் செங்காயாக. "சர்க்கரை வந்த வீடுகளாலதான்க்கா இந்த ஏவாரமே ஓடுது" என்றார் பாய். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

காலையில் முளைகட்டிய பயற்றுத் தோசை, எண்ணெய் காட்டாமல். பதினொரு மணிக்கு வறுகடலை ஒரு கைப்பிடி, வெள்ளரிக்காய் ஒன்று. கைப்பிடி என்றால் என் கைப்பிடி, அவருடையது இல்லை. மத்தியானம் குதிரைவாலிச் சோறு ஒரு கிண்ணம், அதைப்போல இரண்டு மடங்கு காய். நாலு மணிக்குத் தேங்காய் போடாத சுண்டல். தாளிக்கக்கூட எண்ணெய் விடமாட்டேன், கடுகை வெறும் சட்டியில் வெடிக்க வைத்துக் கொட்டுவேன். எல்லாவற்றையும் டப்பாக்களில் அடைத்து வைத்துவிட்டுப் போவேன், வேளைக்கு வேளை கொழுந்தன் கொட்டகையில் கொண்டுபோய்க் கொடுப்பான். ராத்திரி அவருக்கு முருங்கைக்கீரைச் சாறும் அவலும். அவர் எதிரிலேயே உட்கார்ந்து நானும் பிள்ளைகளும் நெய்த் தோசை சாப்பிடுவோம். பார்த்துப் பழகட்டும் என்றுதான்.

மகாராஜபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் என் கணவர் இலையில் ஜாங்கிரி விழுந்தது. நான் பரிமாறுகிற பையனைப் பார்த்து, "இவியளுக்கு இனிப்பு வைக்காதப்பா, கால் அழுகிரும்" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்து நானே தின்றேன். நன்றாக இருந்தது.

அவர் இளைத்தார். சட்டை தோளில் தொங்கியது, கன்னம் ஒட்டியது. ஆபீசில் எல்லாரிடமும் என் சமையலைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டேன். சுண்டலுக்கு என்ன போடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களும் உண்டு. பிறகு ரத்தம் பார்க்கப் போனோம். ராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மா. ரிசல்ட்டைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்ல என்னம்மா சமைக்கிறீங்க?"

நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்பச் சர்க்கரை எங்கேருந்து வருது? இவரை உங்க சுண்டல் இளைக்க வைக்கல. வியாதிதான் இளைக்க வைக்குது."

பக்கத்தில் என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இனிப்ப நான் தொடுறதே இல்ல டாக்டர்" என்றார். சத்தியம் செய்கிறவர் முகம். எனக்கே பாவமாக இருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி எழுதினார். வீட்டில் மாமியார், "அரிசியக் கண்ணுல காட்டாம எம்பிள்ளையக் கொன்னுக்கிட்டு இருக்கா" என்று அழுதார். நான் அவலையும் குறைத்தேன்.

ஒரு நாள் மில்லில் கரண்ட் கோளாறு என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். கொழுந்தனுக்குக் கடையில் கூட்டம். நாலு மணிச் சுண்டல் டப்பாவை நானே எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

உள்ளே முந்திரிக்கொட்டை ஓடு எரிகிற புகை. வரிசையாக அடுப்பு, ஒவ்வொன்றிலும் வாணலியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. பாலும் சீனியும் இருக்கிற இடம் என்று யாரும் செருப்புப் போடுவதில்லை, என் கணவரும் வெறுங்காலோடுதான் நின்றார். ஒரு வாணலி இறக்குகிற பதத்துக்கு வந்ததும், கிண்டுகிறவர் கரண்டியின் பின்பக்கத்தில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். இவர் விரலால் வழித்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "இறக்கு" என்றார். அடுத்த வாணலி. அதிலும் அப்படியே. பால்கோவாவை வழித்தெடுத்த பிறகு அடியில் சிவந்து ஒட்டியிருக்குமே, அந்தக் காந்தலைச் சுரண்டி ஓர் இலையில் வைத்து இவர் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தார்கள். பேசிக்கொண்டே அதை எடுத்து எடுத்து வாயில் போட்டார். என்னுடைய பதினொரு மணி வறுகடலை டப்பா திறக்காமல் ஜன்னலில் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் கிண்டுகிறவர்கள் கை நின்றுவிட்டது. அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"ஏட்டி, எதுக்குக் கத்துத? இது சாப்பாடா? வேலைல்லா இது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. அந்த வீட்டில் ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது. ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத என் மாமனார் அன்றைக்கும் வாணலி வாணலியாக ருசி பார்த்திருக்கிறார், விரதம் கெட்டதாக யாரும் நினைத்ததில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை இவரும் அப்படித்தான். டாக்டரிடம் இனிப்பைத் தொடுவதில்லை என்று சொன்னபோது அவர் கணக்கில் அது சுத்தமான உண்மை. மாமனார் காலைத் தின்றதும் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. வேறு யாராவது ருசி பார்க்கட்டும் என்றேன்.

"கடைப் பேரே அவன் நாக்குலதான் இருக்கு" என்றார் மாமியார்.

"கொழுந்தன் பாக்கட்டும், அத்தை."

"அவன் நாள் பூரா பாக்கு மெல்லுதான். சீனிக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாது."

கொழுந்தன் மறுக்கவில்லை. "ஆமா மதினி" என்று சிரித்தான்.

"அப்ப நான் பாக்கேன். வேலைய விட்டுட்டு வாரேன்."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராசபாளையத்து நாக்குக்கு எங்க ஊருப் பதம் தெரியுமாக்கும்? மாசத்துல அந்த நாள்ல நாங்க யாரு நாக்கக் கடன் வாங்க?" என்றார். இத்தனைக்கும் இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் செத்த நேரம்தான்.

கடைசியில் நான் என் கணவரிடம் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சி வழக்கமில்லை. ருசி பாருங்கள், பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள், காந்தலைத் தொடாதீர்கள், அதுபோதும் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

"பாலத் துப்பச் சொல்லுதியா? லச்சுமில்லா அது. அடுப்புக்கு முன்னால துப்புனா தொழில் வெளங்குமா?"

காந்தலை விடுவதாக மட்டும் ஒத்துக்கொண்டார். விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கொட்டகை வாசலில் என்னைக் கண்டாலே உள்ளேயிருந்து ஒருவர் இருமுவார்.

ஆடி மாதம். ஆண்டாள் கோயில் தேருக்கு ஊரெல்லாம் ஜனம், அடுப்பு அணையவே இல்லை. தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் எனக்கு அந்த வாடை வந்தது. மாமனாரின் வாடை. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு கறுப்புப் பொத்தல். அதன் நடுவில் முந்திரி ஓட்டின் சில்லு ஒன்று பதிந்திருந்தது. தணலாக இருந்தபோது மிதித்திருக்கிறார். எப்போது மிதித்தார் என்று கேட்டேன். மிதித்ததே தெரியாது என்றார். நான் அந்தச் சில்லைப் பிடுங்கினேன். அப்போதும் அவருக்கு வலிக்கவில்லை. "என்னட்டி அங்க செய்யுத?" என்று கேட்டார்.

மதுரைக்குக் கொண்டு போனோம். இரண்டு விரலை எடுத்தார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும், மாமனார் கால் போன கதையைக் கேட்டவள்தானே நான். வெள்ளரிக்காயும் வறுகடலையும் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் கால் மாட்டில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது கொழுந்தன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வார்டுக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்பான் என்று பார்த்தேன். அவன் மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தான்.

"பெரிய கல்யாண ஆர்டர் மதினி. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. பதம் சரியான்னு தெரியல. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் எழுந்திருப்பதற்குள் மாமியார் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். ஒரு விள்ளல் எடுத்து மகன் வாயருகே கொண்டு போனார். "தின்ன வேண்டாம்யா, ருசி மட்டும் பாரு" என்றார். அவர் வாயைத் திறந்தார். காய்ச்சலில் வெடித்த உதடு. நாக்கில் வைத்ததும் கண்ணை மூடினார். தாயும் தம்பியும் மூச்சு விடாமல் நின்றார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து எந்த டாக்டர் வாயையும் அவர்கள் அப்படிப் பார்த்து நின்றதில்லை.

"சீனி சரியா இருக்கு" என்றார். "இன்னும் செத்த நேரம் கிண்டச் சொல்லு."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். கொழுந்தன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். அவன் போன வழியிலேயே டாக்டர் வந்தார். காலைத் திருப்பிப் பார்த்தார். சுற்றி வளைக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், நாளைக்குக் காலையில் என்றார். போய்விட்டார்.

என் கணவர் தலையைத் திருப்பினார். என் பக்கம் இல்லை, தாய் பக்கம்.

"அடுப்புப் பக்கத்துல ஒரு சேர் போட்டா போதும்லம்மா?"

"போதும்யா" என்றார் மாமியார், அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே. "நாக்குக்கு ஒண்ணும் ஆகலைல்லா."

அறுக்கிறதுதான் அறுக்கிறார்கள், அந்தக் காலை விட்டுவிட்டு அந்த நாக்கை அறுக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் இப்போது சேரில் உட்கார்ந்துதான் ருசி பார்க்கிறார். எனக்கு இன்னமும் அப்படித்தான் தோன்றுகிறது.