இதை யார் தூக்கப் போறது?

"இதை யார் தூக்கப் போறது?" என்று டார்லீன் ஹக்கலா கேட்கும்போது, வந்தவர் இன்னும் காலை வணக்கம் சொல்லி முடித்திருக்க மாட்டார். சுவரில் தொங்கும் பெரிய பையின் மேல் அவர் கை பட்டிருக்கும், அவ்வளவுதான். "நாங்க ரெண்டு பேர், ஆறு நாள்..." என்று இழுத்தால் டார்லீன் அதே கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் மோசமாகக் கேட்பார்.

மினசோட்டாவின் வட கோடியில், ஏரிகளுக்குப் போகிறவர்களுக்குப் படகும் பையும் கொடுக்கும் எங்கள் கடையில், பைப் பிரிவு அவருடையது. வயது அறுபத்து மூன்று. தூண்டில் மீன் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல்தான் உட்காருவார். உதட்டோரத்தில் மெழுகு நூலின் நுனி, மடியில் தோல் தைக்கும் ஊசி. பதினோரு மணிக்குச் சட்டைப் பையிலிருந்து ஆறிப்போன இறைச்சிப் பணியாரத்தை எடுத்துக் கடிப்பார், சூடாக்கித் தருகிறேன் என்றால் முறைப்பார். இடது முழங்கால் மடங்காது.

லிட்டர் கணக்கு அவருக்கு ஆகாது. "நூத்திப் பதினஞ்சு லிட்டர்னு எழுதியிருக்கே, தண்ணியா ஊத்தப் போறீங்க?" என்பார். பெரிய பையில் தூக்க உறை, துணி, கூடாரம் போகலாம். சாப்பாட்டை அதில் வைத்தால் முதல் நாளே ஆளைக் கொன்றுவிடும். பை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் படகைத் தூக்கித் தோளில் கவிழ்த்து நடக்க முடியாது. இதையெல்லாம் நின்றபடி சொல்லிவிட்டு, பைக்குள் நான்கு மணல் மூட்டைகளை இறக்குவார். மொத்தம் அறுபது பவுண்டு. பின்கதவுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி வரை ஏறும் ஜல்லிப் பாதை எண்பது ராடு. ஒரு ராடு என்பது ஏறக்குறைய ஒரு படகின் நீளம். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே சுமந்து நடக்கும் காட்டுத் தடங்களை நாங்கள் அப்படித்தான் அளக்கிறோம். போய்விட்டுத் திரும்பி வா, பிறகு பேசலாம் என்பது அவர் சட்டம்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு பைத்தியம்: எல்லாவற்றையும் ஒரே நடையில் கடத்திவிட வேண்டும். இரண்டு நடை நடந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கிண்டல். படகைத் தூக்குகிறவன் தன் பங்கை முடித்துவிட்டான் என்பது எழுதாத விதி. மிச்சம் அத்தனையும் ஒரே பையில் அடைபட்டு மற்றவர் முதுகில் ஏறும். ஆக, கடைக்கு வந்து பையைத் தேர்ந்தெடுக்கிறவன் வேறு, அதைச் சுமக்கிறவள் வேறு. இந்த அநியாயம் யாருக்கும் உறைப்பதே இல்லை. உப்புக்கல் வாங்குகிறவனைப் போல வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

டார்லீனுக்கு முப்பத்திரண்டு வயதில் கணவர் வெய்ன் அப்படித்தான் ஒரு பை வாங்கினார். சேற்றுத் தடத்தின் நடுவில் டார்லீனின் முழங்கால் திரும்பியது. மிச்சத் தடத்தைப் பையோடு தவழ்ந்து கடந்து மறுகரை சேர்ந்தார். அங்கே வெய்ன் படகின் மேல் சாய்ந்து உலர்பழம் தின்றுகொண்டிருந்தாராம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றுதான் கேட்டாராம். "கெட்ட மனுஷன் இல்ல அவரு. அதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது" என்று டார்லீன் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார்.

போன ஜூனில் கிரெய்க் என்று ஒருவர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைக்கும் தோள். கூட அவர் மனைவி நோரீன், அவர் நெஞ்சுக்கு எட்டாத உயரம். கிரெய்க் நேராக இருப்பதிலேயே பெரிய பையை இறக்கினார். டார்லீன் தன் கேள்வியைக் கேட்டார். "நான் படகு தூக்குறேன். பையை இவ தூக்கிருவா" என்றார் கிரெய்க், இடுப்பில் கைவைத்தபடி.

மணல் மூட்டைகள் இறங்கின. நோரீன் முப்பது ராடுகூடப் போகவில்லை. பை பின்னால் இழுக்க, ஜல்லியில் மல்லாந்து விழுந்து, கவிழ்ந்த ஆமையைப் போல எழ முடியாமல் கிடந்தார். டார்லீன் நொண்டியபடி ஓடி வாரைக் கழற்றினார். உள்ளங்கை சிராய்ந்திருந்த நோரீன், சிரமம் கொடுத்துவிட்டேன் என்று சிரித்தபடியே மன்னிப்புக் கேட்டார். அந்தச் சிரிப்பில்தான் டார்லீன் முகம் சிவந்தது.

"நீ ஏம்மா மன்னிப்புக் கேக்குற?"

காட்டுக்குள் போனால் பழகிவிடும் என்றார் கிரெய்க். அவர்கள் வழியில் பன்னிரண்டு தடங்கள், அதில் ஒன்று முந்நூற்று இருபது ராடு, ஒரு மைல் முழுக்கப் பாறையும் சேறும். சின்னப் பைகள் இரண்டு எடுங்கள், நீங்கள் இரண்டு நடை நடங்கள் என்று டார்லீன் சொல்லிப் பார்த்தார். தன் நண்பர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்று பதில் வந்தது.

"சிரிக்கட்டுமே. முதுகு அவங்களுதா?"

கிரெய்க் முதலாளியைக் கூப்பிட்டார். எங்கள் ரஸ் வந்தார், எல்லார் முன்னாலும் பேசினார். கேட்ட பையைக் கொடுத்து, வாரைச் சரிசெய்து அனுப்பு. உன் மேல் இது மூன்றாவது புகார், நான்காவது வந்தால் வேலை கிடையாது என்றார். டார்லீனுக்கு இந்த வேலை போனால் இந்த ஊரில் வேறு வேலை இல்லை. நான் பயணத்துக்குச் சாப்பாடு கட்டும் மேசையில் ஓட்ஸ் அளந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

"சரி" என்றார் டார்லீன். பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

"இப்படி வாங்க சார், வாரை அளவு பாக்கணும்." கிரெய்க் மகிழ்ச்சியாகத் திரும்பி நின்றார். வெறும் பையை அவர் தோளில் மாட்டி, வாரைக் கடைசி அளவு வரை இறக்கி, இதமாக இருக்கிறதா என்று கேட்டார். எனக்கென்றே தைத்த மாதிரி இருக்கிறது என்று ரஸ் காதுபடச் சொன்னார் கிரெய்க்.

டார்லீன் பையை வாங்கிக்கொண்டு வாளியில் உட்கார்ந்தார். வார் நழுவாமல் இருக்க நுனியில் நான்கு தையல் போடுவது எங்கள் கடை வழக்கம். அன்று வாரையும் வளையத்தையும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் இருபத்தைந்து தையல் எண்ணினேன். மிஞ்சிய வாரைக் கத்தரித்துப் போட்டார். நூலைப் பல்லால் கடித்தார். இனி அந்த வாரை ஒரு விரலளவுகூட ஏற்ற முடியாது. பையை நோரீன் தோளில் ஒரு நொடி தொங்கவிட்டார். அது முழங்காலுக்குப் பின்னால் போய் இடித்தது.

ரஸ் சொன்னதைத்தானே டார்லீன் செய்திருக்கிறார்.

டார்லீன் மணல் மூட்டைகளை மறுபடி பைக்குள் இறக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதற்குக் கை நீட்டியபோது, அதை எடுத்து வந்து கொடுத்தவர் நோரீன். பிறகு டார்லீன் பையை மேசை மேல் நிமிர்த்தி, கோட்டு மாட்டிவிடுகிறவரைப் போல இரண்டு வார்களையும் கிரெய்க் பக்கமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, மடங்காத இடது காலால், ஜல்லிப் பாதைக்குப் போகும் பின்கதவைத் தள்ளித் திறந்தார்.