அச்சேறாத வசவு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நண்பர்களே, அப்பா போய் ஓராண்டு. நல்ல வார்த்தையாக எழுதச் சொன்னார்கள். அப்பாவுக்கே அது பிடிக்காது.

மலேசியாவில், பாகான் செராய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தார். மரம் சீவிக்கொண்டே படித்தார். ஈப்போவில் ஒரு தமிழ் நாளேட்டில் சேர்ந்து, வியட்நாம் போர்ச் செய்திகளை மொழிபெயர்த்தார். சிப்பாய் ஒருவன் "நாசமாய்ப் போன போர்" என்று சொல்லியிருந்தால் அப்பா அப்படியே எழுதுவார். ஆசிரியர் அடித்துவிட்டு "விரும்பத்தகாத போர்" என்று போடுவார்.

"கால் போனவன் 'விரும்பத்தகாத'ன்னா கத்துவான்?" என்பார் அப்பா.

"குடும்பப் பத்திரிகைலா இது" என்பார் ஆசிரியர்.

குண்டுக்கு இடமுண்டு, பிணத்துக்கு இடமுண்டு, ஒரு வசவுக்கு இல்லை. தூ!

பிறகு அப்பா பிறந்த அந்தத் தோட்டமே விற்பனைக்கு வந்தது. வீடு கேட்டுக் கூடிய தொழிலாளர்களிடம் பேச அரசியல் தலைவர் ஒருவர் வந்தார். பெண்கள் குரல் உயர்த்தியதும் "வாயை மூடுங்கடி, சனியன்களா!" என்றார். அப்பா அதை எழுதிக் கொடுத்தார். மறுநாள் அப்பா பெயரைப் போட்டு அச்சில் வந்தது இது: "தலைவர் அன்புடன் அறிவுரை கூறினார்."

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர். பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி ஈப்போவுக்கே வந்துவிட்டார்.

"அன்போடவா சொன்னான்? நீயும் அவன் பக்கம் சாஞ்சிட்டியாண்ணே?"

அப்பா தம் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு அத்தையோடே தோட்டத்துக்குப் போனார். தொழிலாளர் லயத்தில் வீடு வீடாக நின்று, வசவு உட்பட, உரக்க வாசித்தார். அலுவலகம் சும்மா விடுமா? மரண அறிவிப்புப் பகுதிக்குத் தள்ளியது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். "இங்க யாரும் மறுப்பு அறிக்கை விடமாட்டாங்க" என்று சிரிப்பார். எங்களுக்குச் சிரிப்பு வராது.

நுரையீரல் கெட்டு, கடைசி மாதங்களில் பேச மூச்சில்லாமல் கிடந்தார். சாவுக்கு அதே தலைவர் பூவளையம் அனுப்பினார். இப்போது இந்த மலருக்கு இரங்கல் செய்தியும் வந்திருக்கிறது: அப்பா "இன்சொல் மட்டுமே எழுதிய பண்பாளர்" என்று. செத்த பிறகும் மனிதரின் வாயைக் கழுவுகிறார்கள்.

அந்தச் செய்தியை மலரின் முதல் பக்கத்தில் போடச் சொன்னார் அண்ணன். "பெரிய மனுசன்மா. நீ எழுதினதுல அந்த வசவ எடுத்துட்டு மூணு புள்ளி வை, போதும்லா."

"அப்பா பேர்ல இன்னொரு பொய்யாண்ணே?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"தப்பு" என்றார் அத்தை.

"பாத்தியா?" என்றார் அண்ணன்.

"சனியன்களான்னு ஒரு தடவையா சொன்னான்? ரெண்டு தடவைடி. உங்கப்பாவும் ஒண்ணத்தான் எழுதினாரு. ரெண்டையும் போடு."

பேனாவை அண்ணனே நீட்டினார்.

மூச்சுத் திணறும்போதெல்லாம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த தாதியருக்கும், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்துக் கடை பாய்க்கும் நன்றி. பூவளையத்துக்கு நன்றி இல்லை. "வாயை மூடுங்கடி, சனியன்களா, சனியன்களா!" என்று கேட்டபிறகும், வீடு கிடைக்கும்வரை வாயை மூடாத அந்தப் பெண்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.