அட்டையில் எழுதிய பெயர்

நர்சு வீரலட்சுமி வாயைத் திறந்தால் வார்டு நடுங்கும். ராசிங்காபுரத்துக் காட்டில் ஆள் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. பிள்ளையைக் கொண்டுவரும் எந்தத் தாயையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். அந்தக் கேள்வி அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

மதுரையில் மூன்று வருடம் படித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். குழந்தைகள் வார்டில் தாய் தகப்பன் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமை சன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். பெற்றவளைக் கண்டால் பிள்ளை அழும், கிருமி வரும் என்றார்கள். வீரலட்சுமியும் அதைப் பிடித்த பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் வீரணன், வயிற்றுப்போக்கில் துவண்டுபோன மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவன் மனைவி மருதாயியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். குமாஸ்தாவிடம் வீரணன் சொன்ன பெயர் பொன்னுமணி. கட்டில் அட்டையிலும் அதுவே ஏறியது.

மூன்றாம் நாளே போக்கு நின்றது, காய்ச்சலும் விட்டது. ஆனால் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கஞ்சி, பால், பார்லித் தண்ணி எதுவும் உள்ளே இறங்கவில்லை. சலைன் ஏற்றித்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். "பொன்னுமணி, இங்க பாரு" என்று வீரலட்சுமி நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டிருப்பாள். சுவரைப் பார்த்த முகம் திரும்பவே இல்லை. அழவும் இல்லை. 'அழுகை இல்லை, அமைதி' என்று தினமும் தன் கையாலேயே எழுதினாள். என்ன அமைதியோ, கருமம்.

சனிக்கிழமை டாக்டர் பிள்ளையின் இமையை இழுத்துப் பார்த்தார். "நாளைக்குள்ள ஏதாச்சும் உள்ள போகலைன்னா நம்ம கையில இல்ல" என்றார்.

 பிள்ளைக்குக் காது கேட்காதோ என்று அப்போதுதான் வீரலட்சுமிக்குத் தோன்றியது. ஆறு நாளாகப் புருசனோடு ஆஸ்பத்திரி வாசல் புளியமரத்தடியில் கிடந்த மருதாயியிடம் நேரே போனாள்.

"ஆத்தா, பொன்னுமணிக்குப் பொறவியிலயே காது கேக்காதா?"

"பொன்னுமணி யாரு நர்சம்மா?"

 பிள்ளை மாறிவிட்டதோ என்று வீரலட்சுமி பயந்தாள். மருதாயி அலறினாள். "எம்மக பேரு குப்பாயி. அப்ப உள்ள கெடக்குறது யாரு? எம்புள்ள எங்க தாயி?"

வீரணன்தான் தலையைக் குனிந்தபடி சொன்னான். "மொத ரெண்டு புள்ளயும் தங்கல. அதான் இவளக் குப்பமேட்டுல போட்டுத் தூக்கி அந்தப் பேரு வச்சோம். குமாஸ்தா ஐயா முன்னால அதச் சொல்ல நாக்கு கூசிருச்சு. வாயில வந்தத சொல்லிப்புட்டேன்."

ஆறு நாள். அம்மா இல்லை, அப்பா இல்லை, சொந்தப் பெயர்கூட இல்லை.  வீட்டில் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று வந்த அன்றே கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மூன்று வருடப் படிப்பில் யாரும் அதைச் சொல்லவில்லை. தனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நானெல்லாம் ஒரு நர்சா என்று வீரலட்சுமிக்கு அவமானமாக இருந்தது.

உள்ளே ஓடிப்போய்க் கட்டிலருகே குனிந்தாள். "குப்பாயி."

தலை திரும்பியது. ஆனால் அந்தக் கண் வீரலட்சுமியைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தது. அந்தப் பெயரைச் சொல்கிறவர்களை அது தேடியது.

வேலை போனால் போகட்டும். வீரலட்சுமி கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். "ஆத்தா, வெரசா உள்ள வா" என்று புளியமரம் வரை கேட்கும்படி கத்தினாள்.

மருதாயி மடியில் அள்ளிப் போட்டதும் குப்பாயி வார்டே அதிரும்படி அழுதாள். டாக்டர் ஓடிவந்தார். "யாரு இவங்கள உள்ள விட்டது?"

"நான்தான் சார். கஞ்சி கொண்டாரப் போறேன், கொஞ்சம் வழி விடுங்க."

மருதாயி விரலில் தொட்டு வைத்த கஞ்சியைப் பிள்ளை நக்கியது. பிறகு விழுங்கியது. டாக்டர் கதவோரம் ஒதுங்கி வழி விட்டார்.

அன்று வீரலட்சுமி அட்டையை எடுத்தாள். 'அமைதி' என்று எழுதிய அத்தனையையும் அடித்தாள். 'அழுதாள். அரை டம்ளர் கஞ்சி, அம்மா கையால்' என்று எழுதினாள். பிறகு மேலே இருந்த பெயரைத் திருத்தினாள்.