பண்ருட்டி லாரியில் ஏறிய சேம்பர்

இந்த வலைப்பூவில் வழக்கமாகக் கோயில், கடற்கரை, சாப்பாடு என்றுதான் எழுதுவேன். இந்த முறை கடலூர் போனது அதற்கெல்லாம் இல்லை. பொங்கல் கூட்டம் ஓய்ந்த வாரத்தில் அக்கா போன் செய்தாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் கடைசியாகச் செய்துவைத்த சேம்பரை விலைக்குக் கேட்டுப் பண்ருட்டியிலிருந்து ஒருவர் சனிக்கிழமை வருகிறார், கொடுக்கலாமா வேண்டாமா என்று புரியவில்லை, கூட வந்து இரு என்றாள்.

சேம்பர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். வடக்கே அரசு நடத்தும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் துகள் முடுக்கி கட்டினார்கள். அணுவைவிடச் சின்னத் துகள்களைத் தலைதெறிக்க ஓடவிடும் இயந்திரம். அவை ஓடும் பாதையில் காற்று துளியும் இருக்கக் கூடாது. அந்தப் பாதையில் பொருத்துகிற ஆள் உயர ஸ்டீல் உருளைதான் சேம்பர். பால் டேங்க் வெல்டிங் செய்துகொண்டிருந்த மாமாவின் ஷெட்டிலிருந்து நான்கு சேம்பர்கள் போயின. ஐந்தாவதை முடித்த சமயத்தில் திட்டத்துக்கு நிதி நின்றது, ஆர்டரும் ரத்தானது. மறுபடி தொடங்கினால் உங்களைத்தான் கூப்பிடுவோம் என்று அங்கிருந்த பொறியாளர் போனில் சொன்னார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். மாமா அதை நம்பி அந்தச் சேம்பரைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி ஷெட்டின் நடுவில் வைத்தார். ஒருநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். கடலூருக்குச் சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர், டிக்கெட் நூற்று எழுபது ரூபாய். திண்டிவனம் வரை பறந்த வண்டி, புதுச்சேரிக்குள் நுழைந்ததும் மாட்டுவண்டி ஆகிவிட்டது. பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா இளைத்திருந்தாள். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அவள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சிதம்பரம் கிளம்பினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். முதுநகர் தாண்டித் தொழிற்பேட்டை வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், ஆலப்பாக்கம் தாண்டினால் காற்று மாறிவிடும். கோயிலுக்குப் போகவில்லை. மாமாவிடம் வெல்டராக இருந்த சேகரைப் பார்க்கப் போனோம். ஊருக்கு வெளியே அவர் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறார். சேம்பரை அவரிடம் ஒப்படைத்துவிட்டால், ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கூப்பிடும்போது அனுப்பிவிடுவார் என்பது அக்காவின் கணக்கு.

சேகரின் ஷெட்டில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மருந்து கம்பெனிக்கு டேங்க், ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் குழாய் என்று ஆர்டர் தட்டாமல் வருகிறது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், சேகர் சொன்னார். முதல் சேம்பர் கசிவுச் சோதனையில் தோற்றபோது, ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் ஆர்டரைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கடலூரில் ரூம் எடுத்துத் தங்கி, காற்றுப் புகாதபடி வெல்டிங் தையலை எப்படிப் போடுவது, ஹீலியம் வாயுவை அடித்து ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் மருந்து கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள். மாமாவிடம் கற்ற ஆறு பேரில் நான்கு பேருக்கு இப்போது சொந்த ஷெட்.

சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் இந்த ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாய்க் கொட்ட வேண்டுமா என்று டீக்கடையில் பேசுவோம் இல்லையா? அந்தப் பணத்தில் கொஞ்சம் கடலூருக்கு வந்திருக்கிறது. வந்து, வேலையாகி, இங்கேயே தங்கியும் விட்டது. அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. கொண்டுவந்த மனுஷன் இல்லையே என்றுதான் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு நடுவில் மூடுகிறார்களே என்று கோபமும் வந்தது.

சேம்பரை இங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். சேகர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எடுத்து வெக்கிறதுல ஒன்னும் இல்லக்கா. ஆனா அவுங்க கூப்புடுவாங்க, கூப்புடுவாங்கன்னு நீங்க போனயே பாத்துக்கிட்டு இருப்பீங்க. மாமா அப்பிடித்தான் இருந்தாரு."

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வந்தபோது, பண்ருட்டிக்காரருக்கே கொடுத்துடலாம் என்றாள் அக்கா.

பயண விவரத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுத மனசு வராது. வியாழன் போய் ஞாயிறு திரும்புவதற்கு, தங்கும் செலவு இல்லாமல், எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடலூர் - சிதம்பரம் தடத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மாலையில் உட்கார இடம் கிடைக்காது, மூன்று மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ஜனவரியில் வெயில் தொல்லை இல்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு லாரி வந்தது. பண்ருட்டிக்காரர் முந்திரித் தோட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை வைத்திருக்கிறார். எண்ணெய் பிடித்துவைக்க அவருக்கு டேங்க் வேண்டும். சேகரும் தூக்கிவிட ஆளோடு வந்திருந்தார். பண்ருட்டிக்காரர் சேம்பரைச் சுற்றி வந்தார், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "ஒழுகாதுல்லம்மா?" என்று கேட்டார்.

அக்கா சிரித்தாள். ஒரு வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. அந்த மனிதர் பயந்துபோய், நான் தப்பா ஒன்னும் கேக்கலம்மா என்றார். சேகர்தான் ஒழுகாது என்று பதில் சொன்னார்.

அக்கா உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தாள். மூடி பொருந்தும் உள் விளிம்பில் அவள் விரல் படப்போனபோது சேகர் சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். பழக்கதோஷம். முதல் சேம்பரை அனுப்பிய அன்று, புது இயந்திரத்துக்கு எல்லோரும் செய்வதுபோல மாமா பூஜை போட்டு அந்த விளிம்பில் மூன்று பொட்டு வைத்துவிட்டாராம். விரல் ரேகைகூட ஆகாத இடம் அது, மறுபடி சுத்தம் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து லாரிக்குப் பூஜை, லாரிக்கு மாலை. சேம்பரின் மேல் வெறும் கைகூடப் படக் கூடாது.

"உடு சேகரு," என்றாள் அக்கா. "இனிமே யாரு திருப்பி அனுப்பப் போறாங்க."

சேகர் கையை எடுத்துக்கொண்டார். அவள் நிதானமாக மூன்று பொட்டு வைத்தாள்.