டெஸ்மண்டின் தாளப்பெட்டி

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் பாதி வீட்டு டி.வி.யை டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பான். ரிப்பேர்தான் அவன் தொழில். சனிக்கிழமைகளில் தொழிலாளர் கிளப்புகளில் அவன் ஆர்கன் வாசிப்பான், நான் டிரம்ஸ் அடிப்பேன். பன்னிரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிங்கோ ஆட்டத்துக்கு நடுவே வாசித்தோம்; யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் அவனுக்கு வயது முப்பத்தாறு. மனைவி முந்தின வருஷமே லீட்ஸுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேஜையில் வயர் பற்றவைக்கும் ஈயத்தைச் சிந்தினால் கேட்க ஆள் இல்லை. ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துப் பதினோரு மாதம் உட்கார்ந்து, மின்சாரத்தில் இசை எழுப்பும் ஒரு சின்தசைசர் செய்தான். முதலில் அது மூடுபனியில் கப்பல் ஊதுவது மாதிரி ஊதியது. பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள்.

ஞாயிறு மதியம் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஹாலில் வாசித்துப் பார்ப்போம். அவன் தங்கை லோர்னாவும் வருவாள். மீன் தொழிற்சாலையில் வாரம் முழுக்க, காலை ஆறு மணியிலிருந்து ஐஸில் கை வைத்து மீன் அறுப்பவள். ஹாலில் ஹீட்டர் இருந்தது, அதற்காகத்தான் வந்தாள். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வரி பாடச் சொன்னான் டெஸ்மண்ட். கோட்டைக் கழற்றாமல், நாற்காலியை விட்டு எழாமல் பாடினாள். குரலை உயர்த்த அவளுக்குத் தெம்பில்லை. அதற்கு முன் பாடிப் பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் அந்த மெஷினோடு போட்டி போட்டுக் கத்தினார்கள். இவள் சாமான் லிஸ்ட் படிக்கிற மாதிரி பாடினாள். அதுதான் பொருந்தியது.

பொருந்தாதது நான். மெஷின் ஒரே வேகத்தில் போகும்; மூன்றாவது நிமிடத்தில் என் கை தளரும். நாலாவது ஞாயிறு என் ஸ்டூலில் ரொட்டி டின் அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது.

"என்னடா இது?"

"தாளப்பெட்டி."

"அது தெரியுது. என் ஸ்டூல்ல ஏன் உக்காந்திருக்கு?"

அவன் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு வாரமா சொல்லணும்னு நெனச்சேன், பாரி. வாய் வரல."

"இது டீ போட்டுக் குடுக்குமா?"

"குடுக்காது."

"நீ குடிச்சுட்டு விழுந்தா வீட்டுக்கு இழுத்துட்டுப் போகுமா?"

"போகாது. ஆனா வேகம் கொறையாதுடா."

நான் டிரம்ஸைக் கழற்றிக் கட்டினேன். ஐஸ்லாந்து கடலில் எங்கள் மீன்பிடிப் படகுகளுக்கு இடமில்லை என்றான பிறகு நாலு வருஷமாக எனக்கு வேலை கிடையாது. நீ வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது. பெரிய டிரம்மின் ஒரு பக்கத்தை லோர்னா பிடித்துக்கொண்டு வேன் வரை வந்தாள்.

"நீ சண்டை போடுவேன்னு பயந்துட்டே இருந்தான்."

"அதுக்கெல்லாம் தெம்பு இல்ல, கண்ணு."

"எனக்கும்தான்," என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, மழையில் நனைந்தபடி டெஸ்மண்ட் என் வாசலில் நின்றான். குளிரில் மெஷினின் சுருதி இறங்குகிறதாம். வாசிக்கும்போது சுருதி கூட்டும் திருகைத் திருப்ப அவனுக்குக் கை ஒழியவில்லையாம்.

"உன் காது வேணும்."

"கை வேண்டாம், காது மட்டும் போதுமா?"

"ஆமா."

வேறு எதையாவது சொல்லிப் பூசி மெழுகியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். வேலையில்லாதவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மிக நீளமானது. போனேன்.

அப்படித்தான் எங்கள் குழு 'ஏர்லி ஷிஃப்ட்' உருவானது. தன் அதிகாலை வேலையை நினைத்து லோர்னா வைத்த பெயர். அவன் வாசிக்க, அவள் பாட, நான் பின்னால் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து ஊரான கிளீதோர்ப்ஸில் முதல் நிகழ்ச்சி. பாட்டு நடுவில் தப்பான திருகைத் திருப்பிவிட்டேன். மொத்த இசையின் சுருதியும் கீழே இறங்கியது. லோர்னா கண்ணைக்கூடத் திறக்காமல் கூடவே இறங்கினாள். வேண்டுமென்றே செய்ததாக நினைத்து, உதட்டுச் சாயம் பூசிய ஒரு பையன், "பெருசு, செம்ம" என்று கை தட்டினான்.

ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. உள்ளூர் ரேடியோவில் ஒருமுறை போட்டார்கள். நான் அப்போது வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நின்றேன். லோர்னா இருந்த தொழிற்சாலையில் மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. டெஸ்மண்ட் மட்டும் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் கேட்டானாம். பாதிப் பாட்டில் அந்த அம்மா, "ஏம்ப்பா, அந்த ரேடியோவ கொஞ்சம் அணைச்சுட்டு டி.வி.ய சீக்கிரம் முடி. குதிரைப் பந்தயம் ஆரம்பிச்சுடும்," என்றாளாம். அணைத்துவிட்டான்.

"உன் பாட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொல்லி?"

குழு தொடங்கிய பதினான்காவது மாதம், ஒரு ஞாயிறு, லோர்னா மைக்கைக் கீழே வைத்தாள். "டெஸ், மணிக்கட்டு ராவெல்லாம் வலிக்குது. இனிமே ஞாயித்துக்கிழமையாவது படுத்துக் கெடக்கணும்போல இருக்கு."

டெஸ்மண்ட் மெஷினை அணைத்தான். வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினான். "பசிக்குது. வாங்க, மீனும் சிப்ஸும் வாங்கித் தரேன்."

"எனக்கு சிப்ஸ் மட்டும் போதும்," என்றாள் லோர்னா. "மீன என் கண்ணுலயே காட்டாதீங்க."

மூவரும் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, ஆறிப்போவதற்குள் சாப்பிட்டு முடித்தோம்.