அப்பா கொடுத்த மகன்

அப்பா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் பங்கு மக்களும் அவருடைய நற்குணங்களை அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றை, அவருடைய ஒரே மகனான நான் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அப்பா உறுவையாறு என்ற ஊரில், கரும்பு பயிரிட்டு வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா காலமானார். அதன்பின் எனக்குச் சமைத்துப் போட்டு, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அப்பா வயலுக்குப் போவார். பிளஸ் டூ முடித்ததும், பாதிரியாராவதற்குக் குருமடத்தில் சேர விரும்புவதாகச் சொன்னேன். அவருடைய தங்கையான என் அத்தை கொதித்துப்போனார்.

“ஒரே புள்ளய சாமியாராப் போவ வுட்டுட்டு, நாளைக்கு ஒனக்கு யாருண்ணே கஞ்சி ஊத்துவாங்க?”

“குடுத்த ஆண்டவரே கேக்கறாரு. மாட்டேன்னு எப்டிம்மா சொல்றது?” என்றார் அப்பா.

என்னைக் குருமடத்தில் சேர்த்துவிட்டு வந்து, தனியாளாகவே வயலைப் பார்த்தார்.

நாலாம் ஆண்டில் எனக்கு அந்த வாழ்வில் மனம் ஒட்டவில்லை. யாரும் என்னை அனுப்பவில்லை, நானே வெளியேறினேன். அப்பாவிடம் சொல்லத் துணிவின்றி, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிறுதோறும் அவர் போன் செய்வார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “செபத்துக்கு மணியடிச்சிட்டாங்கப்பா” என்று வைத்துவிடுவேன். எட்டு மாதம் இப்படியே ஏமாற்றினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், அப்பா அதிரசம் எடுத்துக்கொண்டு குருமடத்துக்கே போய்விட்டார். அங்கே விவரம் அறிந்து, என்னோடு படித்தவர்களிடம் விசாரித்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். ஷிப்ட் முடிந்து சூப்பர்வைசரோடு வெளியே வந்தேன். நான் குருமடத்தை விட்டு வந்தவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அப்பா வாயைத் திறந்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று நடுங்கினேன்.

“யாருப்பா, ஒங்க அப்பாவா?” என்று சூப்பர்வைசர் கேட்டார்.

“இல்ல சார். எங்க ஊர்க்காரரு.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம் கைகூப்பி, “ஆமாங்க சார், ஒரே ஊருதான். இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு” என்றார். அதிரசப் பையை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் போகவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு அப்பா எழுந்து பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். “எம்புள்ள குருமடத்துலேர்ந்து வந்துட்டான். வூட்டுக்கு வந்தா அவன யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. கேக்கணும்னா என்னக் கேளுங்க” என்றாராம். அத்தை அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வீட்டுக்கு வரத் துணிவு வந்தது.

அப்பா சோறு போட்டார். “ஒங்க காணிக்கைய வீணாக்கிட்டேன்பா” என்றேன்.

“குடுக்கறதுதான்பா நம்ம வேல. வச்சிக்கறதும் திருப்பித் தர்றதும் அவரு இஷ்டம். ஆபிரகாமும் பலி குடுக்கப் போன மலையிலேர்ந்து புள்ளயக் கூட்டிக்கினுதான வந்தாரு?”

தொழிற்சாலை வாசலில் நடந்ததைப் பற்றி அவர் கடைசிவரை பேச்செடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நுரையீரல் நோயால் படுத்தபோது ஒருமுறை, “அப்பா, அன்னிக்கு கம்பெனி கேட்டாண்ட...” என்று தொடங்கினேன். “செபமால சொல்லுப்பா” என்று கண்களை மூடிக்கொண்டார். சொன்னேன். மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் தந்த பங்குத்தந்தைக்கும், மருத்துவமனையில் மாறிமாறித் துணையிருந்த அத்தை குடும்பத்தாருக்கும், அறுவடை நின்றுபோகாமல் கரும்பை வெட்டி ஏற்றிவிட்ட பக்கத்து வயல்காரர்களுக்கும், அடக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி. இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கும்படி கேட்பது நம் வழக்கம். அப்பாவுக்காகச் செபியுங்கள். அவரை அப்பா என்று சொல்லக் கூசிய எனக்காகவும் செபியுங்கள்; எனக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.